பதினாறாவது இலக்கம்

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் 14 அன்று, எங்கள் அலுவலக உணவுக்கூடத்தில் பை எண்ணைப் பாட வைத்தேன். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் போட்டு 3/14 என்று எழுதுவதால் அது பை தினம். கேக் வெட்டுவார்கள், வினாடி வினா நடக்கும். இந்த முறை நம்ம பங்குக்கு ஏதாவது செய்யலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, பைத்தான் மொழியில் நாற்பது வரி நிரல் எழுதினேன். 1 என்றால் ச, 2 ரி, 3 க, இப்படியே 8 மேல் ச, 9 மேல் ரி. சுழி வந்தால் மௌனம். சங்கராபரணத்தின் சுரங்கள், பியானோ ஒலி. திரையில் ஒவ்வொரு இலக்கமும் வரும்போதே அதற்கான சுரம் கேட்கும். 3.14159265 என்பது க ச ம ச ப, மேல் ரி, கீழ் ரி, த ப என்று தொடங்கும். கேட்க மோசமில்லை. அந்த 9 திடீரென்று மேலே தாவி, அடுத்த 2இல் பொத்தென்று கீழே விழுவது கொஞ்சம் அழகாகக்கூட இருக்கும்.

நாற்பது தசம இடங்கள் வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். "இயற்கையோட இசை ப்ரோ" என்றார் ஒருவர். நானும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, சக ஊழியர் ஒருவரின் மகள், எட்டாம் வகுப்பு, அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு அப்பாவின் ஃபோனிலிருந்து செய்தி அனுப்பினாள். "அங்கிள், பதினாறாவது இடத்துல 2 வரணும். நீங்க 1 போட்டிருக்கீங்க. அதுக்கு அப்புறம் எல்லாமே தப்பு." அவளுக்கு ஐம்பது இலக்கம் மனப்பாடமாம்.

சரிபார்த்தேன். அவள் சொன்னது சரி. நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். கணினியிடம் சும்மா "பை கொடு" என்று கேட்டால் 64 பிட்டுக்குள் அடங்கும் ஒரு தோராயத்தைத்தான் கொடுக்கும். அதில் முதல் பதினைந்து தசம இடங்கள் சரி. அதற்கு மேலும் இலக்கம் கேட்டால் கணினி "தெரியாது" என்று சொல்லாது. அந்தத் தோராயத்தையே நீட்டி எழுதிக்கொண்டு போகும். உண்மையான பை 3.14159265358979323846 என்று போகிறது. என் மடிக்கணினி வாசித்தது 3.14159265358979311599 என்று. 48 இடம் வரை இப்படிப் போய், அதன்பிறகு வெறும் சுழிகள். பன்னிரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் வருடத்தில் சொல்லித்தரும் விஷயம் இது.

தவறு செய்ததுகூடப் பெரிதாக உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். ஒருவர் வயலின் படித்தவர். ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை, அந்தப் பாட்டை இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன். அந்தச் சிறுமிக்கும் காதில் கேட்கவில்லை, திரையில் எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். பாதிக்கு மேல் பையே இல்லாத ஒன்றை பை என்று கேட்டு ரசித்திருக்கிறோம் என்றால், உண்மையில் எதைக் கேட்டோம்?

இந்தக் கேள்வியோடு தேடத் தொடங்கியபோது, எனக்கு முன்னோடிகள் இருப்பது தெரிந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இங்கிலாந்தின் வடக்கே ஹூட்டன் லெ ஸ்ப்ரிங் என்ற ஊரில் விடுதிப் பள்ளி நடத்திய வில்லியம் ஷாங்க்ஸ், காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு பையை 707 தசம இடங்கள் வரை கணக்கிட்டு 1873இல் வெளியிட்டார். எத்தனை வருடக் காலைப்பொழுதுகள் அதில் போயிருக்கும்! 1937இல் பாரிஸில் திறக்கப்பட்ட அறிவியல் காட்சிக்கூடமான பாலே டி லா டெகூவெர்ட்டில், ஒரு வட்ட அறையின் மேற்சுவரைச் சுற்றி அந்த 707 இலக்கங்களையும் பெரிதாகப் பதித்தார்கள். 1940களின் நடுவில் ஃபெர்குசன் என்ற ஆங்கிலேயர் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தால், 528ஆவது இடத்தில் ஷாங்க்ஸ் சறுக்கியிருக்கிறார். அங்கிருந்து கடைசிவரை குப்பை. ஷாங்க்ஸ் 1882இலேயே இறந்துவிட்டார், அவருக்குத் தெரியாது. பாரிஸ் அறையில் 1949இல் இலக்கங்களைக் கழற்றித் திருத்தி மாட்டினார்கள். அதுவரை பன்னிரண்டு வருடம் அந்த அறையில் அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லோரும் எங்கள் உணவுக்கூடத்து ஆட்கள்தான்.

இன்னொருவர் கேட் புஷ். 2005இல் வந்த அவருடைய 'ஏரியல்' தொகுப்பில் 'பை' என்றே ஒரு பாட்டு உண்டு. எண்களில் பித்துப் பிடித்த ஒரு மனிதனைப் பற்றியது. நடுவில் பையின் இலக்கங்களையே பாடுகிறார். அவர் என்னை மாதிரி எண்ணுக்கு ஒரு சுரம் என்று வைக்கவில்லை. இலக்கங்களின் பெயர்களைப் பாடல்வரியாக வைத்துக்கொண்டு, மெட்டைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கிறார். 78ஆவது இடம் வரை போய், அடுத்த 22 இலக்கங்களை விட்டுவிட்டு, 101இலிருந்து 137 வரை பாடி முடிக்கிறார். வேண்டுமென்றே விட்டாரா, தாளைத் திருப்பும்போது தவறியதா என்று ரசிகர்கள் வாதாடலாம். பாட்டு அதனால் ஒரு இழைகூடக் கெடவில்லை. எண்களை இவ்வளவு நெருக்கமான குரலில் சொல்லிக் கேட்பதே அதன் சுகம்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் நீதிமன்றத்தில் நடந்தது. 2011இல் அமெரிக்காவின் போர்ட்லேண்டைச் சேர்ந்த மைக்கேல் பிளேக் என்ற இசைக்கலைஞர், பை எப்படி ஒலிக்கும் என்று ஒரு காணொளி போட்டார். நான் செய்ததேதான், ஆனால் நன்றாகச் செய்தார். 1 முதல் 9 வரை சி மேஜர் சுரங்கள், 31 தசம இடங்கள், நிமிடத்துக்கு 157 அடி வேகம். 314இல் பாதி 157. ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்த்து, அடியில் ஸ்வரக்கொத்துகள் வைத்து, உண்மையிலேயே கேட்கும்படி இருந்தது. பரபரவென்று பரவியது. சில நாட்களில் யூடியூப் அதைத் தூக்கிவிட்டது. நெப்ராஸ்காவைச் சேர்ந்த லார்ஸ் எரிக்சன் என்ற இசையமைப்பாளர், இது தன் பாட்டு என்று புகார் கொடுத்திருந்தார். அவர் 1992இலேயே 'பை சிம்ஃபனி' என்ற படைப்புக்குப் பதிப்புரிமை பதிந்து வைத்திருந்தார்.

முதல் தடவை படித்தபோது எரிக்சன் மேல் கோபம் வந்தது. பைக்கு யாரடா பட்டா போடுவது? யோசித்தால் அவர் நிலைமையும் பாவமாகத்தான் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் நமக்கு மட்டும் தோன்றியது என்று நம்பிய ஒரு யோசனை, இன்னொருவர் கையில் உலகமெல்லாம் கேட்கப்படுகிறது. இரண்டும் ஒரே எண்ணிலிருந்து, ஏறக்குறைய ஒரே விதியில் பிறந்தவை. ஒன்றுபோல் இருக்காமல் எப்படி இருக்கும்?

நீதிபதி மைக்கேல் சைமன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். பை ஒரு உண்மைத் தகவல், அதற்குப் பதிப்புரிமை கிடையாது. பையைச் சுரமாக மாற்றுவது ஒரு யோசனை, அதற்கும் கிடையாது. அந்தச் சுரங்களை வைத்துக்கொண்டு ஒருவர் செய்த தாளம், வேகம், அடுக்கு இவற்றுக்கு மட்டும் மெல்லிய பாதுகாப்பு உண்டு, அவை இரண்டிலும் வேறு வேறு. தீர்ப்பு வந்த தேதி 2012 மார்ச் 14. நீதிபதிக்கும் குறும்பு இருந்திருக்கிறது.

தீர்ப்பைத் திருப்பிப் போட்டால் எனக்கான பதில் அதில் இருந்தது. அந்த இசையில் பையின் பங்கு யாருக்கும் சொந்தமில்லாத பங்கு. பிளேக்குக்குச் சொந்தமானது பை அல்லாத எல்லாம். அப்படியென்றால் நாம் ரசித்ததும் அந்த 'எல்லாம்' தானோ?

இதை அளந்தே காட்டியவர்கள் உண்டு. 1970களில் பெர்க்லியில் ரிச்சர்ட் வாஸ் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய ஆசிரியர் ஜான் கிளார்க்கும் மின்கருவிகளின் இரைச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதே கருவிகளை இசைக்குத் திருப்பினார்கள். சுரம் எப்படி ஏறி இறங்குகிறது, சத்தம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று அளந்து 1975இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமே இல்லாத, பகடை உருட்டி எடுத்த மாதிரியான வரிசை ஒரு கோடி. அது வெள்ளை இரைச்சல். ஒவ்வொரு சுரமும் முந்தியதிலிருந்து ஒரு சின்ன எட்டு மட்டும் தள்ளாடி நகரும் குடிகாரன் நடை இன்னொரு கோடி. மனிதர்கள் போட்ட இசை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கொஞ்சம் எதிர்பார்க்க விடும், கொஞ்சம் ஏமாற்றும், பத்து நொடிக்கு முன் சொன்னதை நினைவில் வைத்திருக்கும். மூன்று வகையிலும் இயந்திர இசை தயாரித்துக் கேட்கவைத்தபோது, பெரும்பாலானோருக்கு நடுவில் இருப்பதே பிடித்தது. மார்ட்டின் கார்ட்னர் 1978 ஏப்ரலில் தன் பத்தியில் இதை எழுதிப் பிரபலமாக்கினார்.

பையின் இலக்கங்கள் இதில் எங்கே? முதல் கோடியில். 1949 செப்டம்பரில் எனியாக் கணினியை எழுபது மணிநேரம் ஓட்டி 2037 இலக்கங்கள் எடுத்தார்கள். அந்த வேலையில் வான் நாய்மனுக்கு ஆர்வம் வந்த காரணமே, இந்த இலக்கங்கள் பகடை மாதிரி விழுகின்றனவா என்று பார்ப்பதுதான். அன்றிலிருந்து இன்றுவரை எடுத்த கோடானுகோடி இலக்கங்களும் பகடை மாதிரிதான் விழுகின்றன. எப்போதும் அப்படித்தான் விழும் என்று மட்டும் இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆக, பையை ஒன்றுக்கு ஒன்றாகச் சுரமாக்கினால் கிடைப்பது சுத்தமான வெள்ளை இசை. என் மடிக்கணினி 16ஆவது இடத்திலிருந்து உளறியதும் பகடைதான். ஒரு பகடைக்குப் பதில் இன்னொரு பகடை. யாருக்குக் கேட்கும்?

நம் பக்கம் எண்ணும் இசையும் சந்தித்த கதை வேறு மாதிரி. கர்நாடக சங்கீதம் கற்ற வீடுகளில் கடபயாதி என்ற சொல் காதில் விழுந்திருக்கும். வடமொழி மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை. க, ட, ப, ய நான்குக்கும் 1. ம என்றால் 5, ர என்றால் 2. உயிரெழுத்து எதுவானாலும் கணக்கில்லை. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். பிறகு வந்தவர்கள் மேளத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தாலே அதன் எண் தெரியும்படி பெயர்களை அமைத்தார்கள். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 15. கல்யாணி ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ராகம், எண்ணுக்குப் பொருந்தவில்லை. முன்னால் ஒரு 'மேச' ஒட்டினார்கள், 65 ஆகிவிட்டது. சங்கராபரணத்துக்கு ஒரு 'தீர' ஒட்டி 29. கவனியுங்கள், எண்ணுக்காக ராகத்தில் ஒரு சுரத்தைக்கூட யாரும் தொடவில்லை. பெயருக்குத்தான் தொப்பி போட்டார்கள். (தமிழில் எழுதினால் இது குளறுபடி. வடமொழியில் கரகரப்பிரியாவின் முதல் எழுத்து இரண்டாவது 'க', அதனால் 22. நம் எழுத்தில் எல்லா கவும் ஒரே க, கணக்கு 21 என்று வரும். 21 கீரவாணி!)

இதே கடபயாதியில் பையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட கேரளத்தில் கடத்தநாடு அரச குடும்பத்தைச் சேர்ந்த சங்கரவர்மன், 'சத்ரத்னமாலா' என்ற நூலில் 1க்குப் பின்னால் பதினேழு சுழி போட்ட விட்டத்துக்குச் சுற்றளவு என்ன என்று ஒரு சுலோகத்தில் பொதிந்து வைத்தார். 314159265358979324. பதினெட்டு இலக்கமும் சரி. பதினாறாவது தசம இடத்தில் 2. என் மடிக்கணினி தவறவிட்ட அதே 2.

கடபயாதியில் எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்பதால், சுலோகத்தைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் வாயில் வருவது கடைசி இலக்கம். 4, 2, 3, 9 என்று பை தலைகீழாக ஓடி, 3இல் வந்து முடிகிறது. எனக்கு இதில் வியப்பு அவருடைய சுதந்திரம்தான். 1 வரவேண்டிய இடத்தில் நான்கு மெய்கள், அதன்மேல் எந்த உயிரும். ஆகவே சந்தம் கெடாமல், அர்த்தமும் உள்ள ஒரு வரியைச் செய்ய முடிந்திருக்கிறது. நான் 1க்கு ஒரே ஒரு ச வைத்தேன். எனக்குத் தேர்வு செய்ய எதுவும் மிச்சமில்லை.

இந்த ஞானத்தோடு ஸ்ரீரங்கத்தில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருடமாக மிருதங்கம். என் பியானோ பையைக் கேட்டுவிட்டு, "ஏன்டா, இதுல மூச்சு எங்கடா விடறது?" என்றார். பிறகு, "சுரத்தை விடு. நம்பரச் சொல்லு" என்றார். சொன்னேன். அவர் விரல் திண்ணையில் தட்ட ஆரம்பித்தது. எண் அவருக்குச் சுரம் இல்லை, நீளம். 3 என்றால் தகிட, 4 தகதிமி, 5 தகதகிட, வேண்டுமானால் ததிங்கிணதொம். தாளக்காரர்கள் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், சங்கீர்ணம் என்று பெயர் வைத்திருக்கும் 3, 4, 5, 9 நான்கும் பையின் முதல் ஆறு இலக்கத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன என்பதை அதுவரை நான் கவனிக்கவே இல்லை.

தட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "டேய், சமத்துக்கு வருதுடா!"

ரூபகம். மூன்று எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை, ஆவர்த்தனத்துக்குப் பன்னிரண்டு. 3, 1, 4, 1, 5, 9, 2, 6, 5 கூட்டினால் 36. சரியாக மூன்று ஆவர்த்தனம். ஒன்பதாவது இலக்கம் முடிந்து அடுத்த அடி கச்சிதமாகச் சமத்தில் விழுகிறது. எனக்கு ரோமம் சிலிர்த்தது. கடைசியில் பைக்குள்ளிருந்து ஏதோ பேசிவிட்டது!

அன்று இரவே நிரல் எழுதினேன், இந்த முறை ஒழுங்கான இலக்கங்களோடு. 36க்குப் பிறகு 48இல் விழவில்லை. 60ஐ ஒரே மாத்திரையில் தவறவிட்டது. 72, 84, 96, 108, 120 எதிலும் இல்லை. 132இல்தான் மறுபடி சமம். 28 இலக்கத்தில் இரண்டு தடவை. பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு என்ற கணக்கில் வெறும் பகடைக்கே இரண்டு, இரண்டரை தடவை விழும். பை எதுவும் பேசவில்லை.

வம்புக்கு, பழைய தப்பான எண்ணையும் ஓட்டிப் பார்த்தேன். அது 96இல் சமத்துக்கு வருகிறது. பதினாறாவது இடத்தில் பிறழ்ந்து, 1, 1, 5, 9 என்று போய், எட்டாவது ஆவர்த்தன முடிவில் அழகாக இறங்குகிறது. உண்மையான பையைவிட மூன்று ஆவர்த்தனம் முன்னாலேயே.

மறுநாள் காலை சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "அப்ப அதையே வாசிப்போம்."

"சித்தப்பா, அது பை இல்ல."

"கேக்கறவனுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதானே என் பிரச்சினையே. இத்தனை மாதம் தேடிப் படித்தவை எல்லாம் அவர் பக்கம்தான் நிற்கின்றன. இருந்தும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. வாசிக்கும் நமக்குத் தெரியுமே என்றேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சரி, அப்ப 36ஓட நிறுத்திக்கோ. அதையே மூணு தடவை வாசி. கோர்வை ஆயிடும்."

மூன்று முறை 36, 108. ஒன்பது ஆவர்த்தனம். முதல் தடவை காதுக்குப் புதிது, இரண்டாவது தடவை காது அடையாளம் காண்கிறது, மூன்றாவது தடவை கூடவே வருகிறது. வாஸும் கிளார்க்கும் கேட்டால் தலையாட்டியிருப்பார்கள். திரும்ப வரும் இலக்கங்கள் கொண்ட எண் பின்னமாகிவிடும் என்பதும், பை எந்தப் பின்னத்திலும் அடங்காது என்று லாம்பர்ட் 1760களில் நிரூபித்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரியும். பள்ளியில் பை என்று நம்பவைத்த 22/7 இப்படித் திரும்புகிற ஆள்தான். 142857 மறுபடி மறுபடி வரும், கூட்டுத்தொகை 27, நாலு சுற்றில் அதே 108. இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. அவர் மிருதங்கத்துக்கு ரவை பூசிக்கொண்டிருந்தார்.

அவர் வாசிக்க, நான் தாளம் போட, ஃபோனில் பதிவு செய்து அந்தச் சிறுமிக்கு அனுப்பினேன். மூன்றாவது சுற்றின் முடிவில் என் கை தொடையில் விழுவதும் அவர் தொப்பியில் விழும் அடியும் ஒன்றாகக் கேட்கும். எனக்கு அதில் ஏகப் பெருமை.

சாயங்காலம் பதில் வந்தது. "சூப்பரா இருக்கு அங்கிள். ஆனா இந்தத் தடவை பத்தாவது இடத்துலயே தப்பு. 5 வரணும், தாத்தா 1 வாசிச்சுட்டார்."